மோடம் எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே கேட்க வேண்டும்? சிக்கலான டயல் வரிசைகளை அமைக்கும் முறை

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் இணையச் சேவையை நிறுத்தியபோது, தொலைபேசிக் கம்பியில் பேசும் மோடம்களின் காலமே முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணினார்கள். நின்றது ஒரு சேவைதான். ஃபேக்ஸ் கருவிகள், திருட்டு எச்சரிக்கைப் பலகைகள், தொலைவிலுள்ள மீட்டர்களைப் படிக்கும் கருவிகள், நெட்வொர்க் அறுந்தாலும் ரூட்டரை எட்டிப்பிடிப்பதற்காக அதன் கன்சோல் போர்ட்டில் மாட்டி வைத்த மோடம்கள் என எத்தனையோ இன்னும் டயல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை இயக்கிப் பழகியவர்கள் ஓய்வுபெற, புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது: கையால் டயல் செய்தால் இணைப்பு கிடைக்கிறது, அதே லைனில் அதே எண்களை மோடம் டயல் செய்தால் ஏன் கிடைப்பதில்லை?

டயல் செய்யும் மனிதர் காதைத் தீட்டி வைத்திருக்கிறார். வெளி லைனின் டோன் வர ஒரு விநாடி தாமதமானால் அவரும் ஒரு விநாடி பொறுக்கிறார். "ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்ற குரல் முடிந்தபிறகே அழுத்துகிறார். மோடமுக்கு அந்தக் காது கிடையாது. டயல் டோன், பிஸி டோன், ரிங், மௌனம், எதிர்முனை மோடமின் பதில் ஒலி ஆகிய சிலவற்றைத்தான் அதனால் அடையாளம் காண முடியும். மற்ற எல்லா இடங்களிலும் அது கடிகாரத்தை நம்பியே இயங்குகிறது. எனவே சிக்கலான வரிசையை அமைக்கும்போது, ஒவ்வொரு படியிலும் மோடம் கேட்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். இணைப்பு கிடைக்காத வரிசைகளில் பெரும்பாலானவை இந்த முடிவு தவறியதால் கெட்டவை.

கீழே வரும் கட்டளைகளைத் தமிழில் எழுத்தெழுத்தாக எழுதியிருக்கிறோம். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளாகத் தட்டுங்கள். படிக்க வசதியாக இடைவெளி விட்டிருக்கிறோம்; மோடம் இடைவெளியைப் பொருட்படுத்தாது. சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயருக்குப் பதிலாக உங்கள் எண் வர வேண்டும்.

1. டயல் கட்டளைக்குள் நடப்பது

இன்று புழக்கத்திலுள்ள கட்டளை மொழி 1981-இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடமிலிருந்து வந்தது. பின்னர் ஐடியு-டி (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவு) அமைப்பு இதை வி.250 என்ற பரிந்துரையாக வகுத்தது. எல்லாக் கட்டளை வரிகளும் "ஏடி" (AT) என்று தொடங்கும். "டி" (D) என்றால் டயல் செய். அதையடுத்து வரும் இன்னொரு "டி" (T) டோன் முறையையும், "பி" (P) பல்ஸ் முறையையும் குறிக்கும். ஆக, "ஏடி டிடி 5550142" (ATDT5550142) என்பது டோன் முறையில் அந்த எண்ணை அழைக்கும் கட்டளை.

அந்த ஒரு வரிக்கு மோடம் செய்யும் வேலைகள் இவை:

1. லைனை எடுக்கிறது, அதாவது ரிசீவரைத் தூக்குவதற்குச் சமமான வேலை.
2. டயல் டோனைத் தேடுகிறது. அல்லது தேடாமல் எஸ்6 ரெஜிஸ்டரில் (மோடம் ஓர் அமைப்பு மதிப்பை வைத்திருக்கும் நினைவிடம்) உள்ள விநாடிகள் (வழக்கமாக 2) பொறுத்திருக்கிறது.
3. வரிசையை இடமிருந்து வலமாகப் படித்து, எண் வந்தால் ஒலிக்கிறது, இடைக்குறி வந்தால் அதன்படி நடக்கிறது.
4. வரிசை முடிந்ததும் எஸ்7 கடிகாரத்தை ஓடவிட்டு எதிர்முனையின் கேரியருக்காக, அதாவது அந்த மோடமின் தகவல் சுமக்கும் ஒலிக்காக, காத்திருக்கிறது.

"டி" (D) கட்டளை எப்போதும் வரியில் கடைசியாகத்தான் வர வேண்டும். அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மோடம் டயல் வரிசையாகவே படிக்கும். ஆகவே இடைவேளை நீளத்தை டயல் செய்யும் நடுவில் மாற்ற முடியாது; மாற்ற வேண்டியதை முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். இந்த ஒரு விதி பின்னால் வரும் பல முடிவுகளைத் தீர்மானிக்கிறது.

டோன் முறையில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்கும். உதாரணமாக 5-க்கு 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். ஒலியின் நீளத்தையும் இரு ஒலிகளுக்கு இடைப்பட்ட மௌனத்தையும் எஸ்11 மில்லிவிநாடியில் நிர்ணயிக்கிறது. தொழிற்சாலை மதிப்பு மோடமுக்கு மோடம் மாறும். 70, 95 இரண்டும் பரவலாகக் காணப்படுபவை.

2. இடைக்குறிகள்: ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும்

*கமா.* எஸ்8-இல் உள்ள விநாடிகள் சும்மா இருக்கும். தொழிற்சாலை மதிப்பு 2. லைனில் என்ன ஒலித்தாலும் அதைக் கவனிக்காது.

*டபிள்யூ.* டயல் டோன் வரும்வரை காத்திருந்து, கேட்டதும் உடனே தொடரும். டோன் வரவில்லை என்றால் அழைப்பைக் கைவிட்டு "நோ டயல்டோன்" என்று சொல்லும். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைப் பெரும்பாலான மோடம்களில் எஸ்7 நிர்ணயிக்கிறது.

*அட் குறி (@).* எதிர்முனை எடுத்து, அதன்பின் தொடர்ச்சியாக 5 விநாடி மௌனம் நிலவும்வரை காத்திருக்கும். மௌனம் கிடைக்காவிட்டால் "நோ ஆன்ஸர்". அறிவிப்பைப் பேசி முடித்துவிட்டு அமைதியாகக் காத்திருக்கும் குரல் அமைப்புகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். பின்னணியில் இசை ஓடினாலோ, 5 விநாடிக்குள் அறிவிப்பைத் திரும்பச் சொன்னாலோ பயன்படாது.

*ஆச்சரியக்குறி.* லைனைச் சுமார் அரை விநாடி துண்டித்து மறுபடி இணைக்கும். இதையே ஃபிளாஷ் என்கிறோம். பிபிஎக்ஸில் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) அழைப்பை மாற்றிவிட இது தேவைப்படும். ஃபிளாஷ் எவ்வளவு நீளம் என்ற எதிர்பார்ப்பு எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் மாறும். நீளம் கூடிப்போனால் அழைப்பே அறுந்துவிடும். சில மோடம்களில் எஸ்29 மூலம் இதை மாற்றலாம்.

*அரைப்புள்ளி (;).* வரிசையின் கடைசியில் வரும். டயல் செய்து முடித்ததும் கேரியரைத் தேடாமல், லைனையும் விடாமல், கட்டளை நிலைக்குத் திரும்பி "ஓகே" சொல்லும். நீண்ட வரிசைகளைத் துண்டு போட இது ஒன்றுதான் வழி.

இவை தவிர, அழைப்பு அட்டை (அணுகு எண்ணும் ரகசிய எண்ணும் கொடுத்து வெளியூர் அழைக்கும் சேவை) ஒலிக்காகக் காத்திருக்கும் டாலர் குறியும் சில மோடம்களில் உண்டு. எல்லா மோடமும் அதை அறியாது. அதை நம்பி வரிசை அமைப்பதைவிடக் கமாவே பத்திரம்.

3. மோடம் எதைக் கேட்கும் என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ் அமைப்பு

மோடம் எந்த ஒலிகளைப் பொருட்படுத்த வேண்டும் என்பதை எக்ஸ் கட்டளை நிர்ணயிக்கிறது. எக்ஸ்4 டயல் டோனையும் பிஸி டோனையும் கவனிக்கும். எக்ஸ்3 பிஸியை மட்டும், எக்ஸ்2 டயல் டோனை மட்டும். எக்ஸ்1, எக்ஸ்0 இரண்டுமே எதையும் கவனிக்காது. எக்ஸ்1 இணைப்பு வேகத்தையாவது சொல்லும்.

நேரடி லைனுக்கு எக்ஸ்4 சரி. பிபிஎக்ஸுக்குப் பின்னால் அது அடிக்கடி காலை வாரிவிடும். வட அமெரிக்க எக்ஸ்சேஞ்சின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் சேர்ந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 425 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி. அலுவலக பிபிஎக்ஸ் தன் விருப்பப்படி வேறொரு ஒலியைக் கொடுக்கலாம். குரல் அஞ்சலில் செய்தி காத்திருந்தால் டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும் லைன்களும் உண்டு. காதுக்கு அது டயல் டோன்தான். மோடமோ "நோ டயல்டோன்" என்று சொல்லி வைத்துவிடும். நேற்றுவரை வேலை செய்த மோடம் இன்று காரணமே இல்லாமல் மறுத்தால், யாராவது குரல் செய்தி விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இதற்கு மருந்து எக்ஸ்3. பிஸி டோனையும் தவறாகப் புரிந்துகொள்கிறது என்றால் எக்ஸ்1. அழைப்பு அட்டைச் சேவைகள் தரும் உறுதிப்பாட்டு ஒலிகளை மோடம் பிஸி என்று எடுத்துக்கொள்வது உண்டு. அதுபோன்ற வரிசைகளில் எக்ஸ்1 தவிர வேறு வழியில்லை. எக்ஸ்3-க்கு மாறினாலும் வரிசைக்குள் உள்ள டபிள்யூ தனியே வேலை செய்யுமா என்பதை உங்கள் மோடமில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

4. கட்டளைக்கு முன் கடிகாரம்

மோடமைத் தொடுவதற்கு முன், அது மாட்டப்படப்போகும் அதே லைனில் சாதாரண தொலைபேசியை மாட்டி, கையால் முழு வரிசையையும் டயல் செய்து நேரம் குறிக்க வேண்டும். வேறு எக்ஸ்டென்ஷனில் அளந்தால் பயனில்லை. நாளின் வெவ்வேறு நேரங்களில் சில தடவை அளந்து, ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்:

1. அடுத்த எண்ணை ஏற்கத் தயாராவதற்கு ஆன மிகக் குறைந்த நேரம்.
2. மிக அதிக நேரம்.
3. எதுவும் அழுத்தாமல் விட்டால் எதிர்முனை எத்தனை விநாடியில் பொறுமையிழந்து துண்டிக்கிறது அல்லது அறிவிப்பைத் திரும்பச் சொல்கிறது.

மூன்றாவது எண்ணைப் பெரும்பாலோர் அளப்பதே இல்லை. "சந்தேகம் இருந்தால் இன்னொரு கமா போடு" என்ற பழக்கம் அதனால்தான் வேரூன்றியிருக்கிறது. குறைவான இடைவேளை எப்படி வரிசையைக் கெடுக்குமோ, அதிக இடைவேளையும் அப்படியே கெடுக்கும்.

5. ஒரு வரிசையைக் கட்டிப் பார்ப்போம்

அலுவலக பிபிஎக்ஸில் 9 அழுத்தி வெளி லைன் எடுக்க வேண்டும். பிறகு 11 இலக்க அணுகு எண். குரல் அறிவிப்பு முடிந்து ஒரு பீப் ஒலித்ததும் 14 இலக்க ரகசிய எண்ணும் # குறியும். சரிபார்த்தபின் இன்னொரு அறிவிப்பு, அதற்குப்பின் 12 இலக்கச் சேருமிட எண்ணும் # குறியும். அளந்ததில் கிடைத்தவை இவை என்று வைத்துக்கொள்வோம்:

- அணுகு எண்ணின் கடைசி இலக்கத்திலிருந்து 5 முதல் 9 விநாடிக்குள் எதிர்முனை எடுக்கிறது. அறிவிப்பின் நீளம் 6 விநாடி. ஆக, பீப் 11-க்கும் 15-க்கும் இடையில் வரும்.
- பீப்பிலிருந்து 10 விநாடிக்குள் எதுவும் வராவிட்டால் துண்டிக்கிறது.
- ரகசிய எண்ணுக்குப் பிறகு, அடுத்த எண்ணை ஏற்க 5 முதல் 7 விநாடி ஆகிறது. அங்கேயும் பொறுமை 10 விநாடி.

இப்போது முதல் சாளரம், அதாவது எண்ணை அழுத்தினால் தவறாமல் ஏற்கப்படும் நேரம், எது? மிகத் தாமதமாக வரும் பீப் 15-ஆவது விநாடியில். மிகச் சீக்கிரம் வரும் பீப் 11-இல், அப்போது பொறுமை 21-இல் முடிகிறது. ஆகவே 15-க்கும் 21-க்கும் நடுவில், 18-ஆவது விநாடியில் தொடங்கினால் எந்த நாளிலும் சரியாக விழும். இரண்டாவது சாளரம் 7 முதல் 15 வரை.

எஸ்8 வரிசை முழுமைக்கும் ஒரே மதிப்புதான். அதை 6 என்று வைத்தால் மூன்று கமா 18 விநாடி, இரண்டு கமா 12 விநாடி. இரண்டும் அதனதன் சாளரத்துக்குள் அடங்குகின்றன. ஆனால் 9-க்குப் பிறகு ஒரு கமா போட்டால் அங்கேயும் 6 விநாடி வீணாகும். சில பிபிஎக்ஸ்கள் அதற்குள் வெளி லைனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அங்கே வருவது டயல் டோன், மோடமால் கேட்க முடிந்த ஒலி. ஆகவே அங்கே டபிள்யூ. வரிசை இப்படி அமையும்:

ஏடி எக்ஸ்3 எஸ்7=90 எஸ்8=6 டிடி 9 டபிள்யூ [அணுகு எண்] , , , [ரகசிய எண்] # , , [சேருமிட எண்] #

உள் டயல் டோன் வேறுபட்டது என்பதால் எக்ஸ்3. எஸ்6-இன்படி 2 விநாடி பொறுத்து 9 அழுத்தப்படும். எஸ்7=90 ஏன் என்பதை ஏழாவது பகுதியில் பார்க்கலாம்.

ரகசிய எண்ணில் அவ்வப்போது ஓர் இலக்கம் விடுபடுகிறதா? எஸ்11-ஐ 150 ஆக்குங்கள். ஒலி 150, மௌனம் 150 என ஓர் இலக்கத்துக்கு 300 மில்லிவிநாடி. 14 இலக்கமும் # குறியும் சேர்ந்து நாலரை விநாடி ஆகும். எஸ்11-ஐ 50, 55 என்று குறைத்து "வேகமாக டயல் செய்" என்ற பழைய அறிவுரை எக்ஸ்சேஞ்சுக்குப் பொருந்தும். குரல் அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவை கேட்பது நீண்ட வழியைக் கடந்து நலிந்து வந்த ஒலியை. சில சேவைகளில் அறிவிப்பு ஓடும்போதே எண் அழுத்தலாம், சிலவற்றில் அப்படி அழுத்தியது காற்றில் போகும். இதையும் கையால் டயல் செய்யும்போதே தெரிந்துகொள்ளலாம்.

6. வரிசை நீண்டால் துண்டு போடுவது

மேலே உள்ள வரியை எண்ணிப் பார்த்தால் 60 எழுத்தைத் தாண்டுகிறது. தொடக்க கால மோடம்களின் கட்டளை நினைவகம் 40 எழுத்துதான். பிற்காலத்தவற்றில் அளவு கூடியது, ஆனால் எல்லை இல்லாமல் போகவில்லை. எல்லை தாண்டினால் "எரர்" வரும். எஸ் ரெஜிஸ்டர்களை முந்தைய வரியிலேயே அமைத்துவிட்டு, டயலைத் தனி வரியாக அனுப்பினால் சில எழுத்துகள் மிச்சம். அதுவும் போதாவிட்டால் அரைப்புள்ளி:

1. ஏடி எக்ஸ்3 எஸ்7=90 எஸ்11=150 — "ஓகே" வர வேண்டும்.
2. ஏடி டிடி 9 டபிள்யூ [அணுகு எண்] ; — டயல் முடிந்ததும் "ஓகே".
3. கணினி 16 விநாடி காத்திருக்கிறது.
4. ஏடி டிடி [ரகசிய எண்] # ; — "ஓகே".
5. கணினி 10 விநாடி காத்திருக்கிறது.
6. ஏடி டிடி [சேருமிட எண்] # — "கனெக்ட்" வரும்வரை காத்திருப்பு.

18-க்குப் பதில் 16, 12-க்குப் பதில் 10 என்று குறைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு புதிய டயல் கட்டளையின் தொடக்கத்திலும் பல மோடம்கள் எஸ்6 நேரத்தைச் செலவிடுவதுதான். இரண்டாம் கட்டத்தில் எக்ஸ்4 இருந்தால் மோடம் மறுபடி டயல் டோனைத் தேடிப் பார்த்து, அது இல்லாததால் அழைப்பையே கைவிடக்கூடும். எக்ஸ்3 இங்கே கட்டாயம்.

இந்த முறையே எனக்குப் பிடித்தது. இடைவேளையை விநாடிக் கணக்கில் தனித்தனியாக நிர்ணயிக்கலாம், எந்தப் படியில் நின்றது என்பது பதிவேட்டில் தெரியும். ஆனால் மூன்று இடங்களில் கை சுடும்.

முதலாவது, டயல் நடந்துகொண்டிருக்கும்போது கணினியிலிருந்து எந்த எழுத்து வந்தாலும் மோடம் அழைப்பை ரத்து செய்யும். வி.250-இன்படி இது சரியான நடத்தை. "ஓகே" வருமுன் அடுத்த வரியை அனுப்பும் ஸ்கிரிப்ட் தன் அழைப்பைத் தானே கொல்லும். ரிட்டர்னுக்குப் பின் முதல் 125 மில்லிவிநாடியில் வரும் எழுத்துகளைப் பொருட்படுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது; அந்த விதியைப் பின்பற்றாத மோடம்களில், வரி முடிவில் ரிட்டர்னோடு லைன்ஃபீட் எழுத்தையும் சேர்த்து அனுப்பும் நிரல்கள் இதில் மாட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் ரிட்டர்னைக் கண்டதுமே மோடம் டயலைத் தொடங்கிவிடும், பின்னால் வரும் லைன்ஃபீட் அதை நிறுத்திவிடும். ரிட்டர்ன் மட்டும் அனுப்புங்கள்.

இரண்டாவது, நடுவில் ஏடி இசட் அல்லது ஏடி எச் அனுப்பினால் லைன் வைக்கப்படும். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் ஏடி இசட் எழுதுபவர்கள் உண்டு.

மூன்றாவது, கடைசிக் கட்டத்தில் அரைப்புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் மோடம் "ஓகே" சொல்லிவிட்டு, கேரியரைத் தேடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். எதிர்முனை தன் பதில் ஒலியை ஒலித்து ஓய்ந்து வைத்துவிடும்.

7. எஸ்7: பலரும் மறந்துவிடும் கடிகாரம்

வி.250-இன்படி எஸ்7 ஓடத் தொடங்குவது டயல் செய்து முடித்த பிறகு. அந்த நேரத்துக்குள் எதிர்முனையோடு இணைப்பு முழுமையாக ஏற்பட வேண்டும். எதிர்முனை எடுத்தால் மட்டும் போதாது. தொழிற்சாலை மதிப்பு பல மோடம்களில் 50 அல்லது 60. நேரடி அழைப்புக்கு அது ஏராளம். நம் எடுத்துக்காட்டில் கடைசி # குறிக்குப் பிறகு சேவை நிறுவனம் வழி தேட 12 விநாடி, ரிங் 10 விநாடி, வி.90 (56 கிலோபிட் மோடம்களின் தரநிலை) கைகுலுக்கலுக்கு, அதாவது இரு மோடம்களும் வேகத்தை ஒத்துக்கொள்வதற்கு, 25 விநாடி என்றாலே 47 ஆகிவிடும். ஒரு ரிங் கூடினால் 50 போதாது. அதனால்தான் 90.

டயல் வரிசையின் கடைசியில் கமா சேர்த்தால் அவையும் டயலின் பகுதியாகக் கணக்கிடப்படும். அவை முடிந்த பிறகே எஸ்7 தொடங்கும். சில நாட்டு அமைப்புகளில் எஸ்7-க்கு மேல்வரம்பு உண்டு. அங்கே இந்தக் கடைசிக் கமாக்கள் உதவும். ஆனால் கமா ஓடும்போது மோடம் செவிடு. எதிர்முனையின் முதல் பதில் ஒலிகளைத் தவறவிடும். வி.90-இல் சண்டித்தனம் செய்யும் எதிர்முனைகளோடு குறைந்த வேகத்திலாவது இணைவதற்காக வேண்டுமென்றே இப்படிச் செய்வதும் உண்டு. காரணம் தெரியாமல் சேர்த்தால், "போன மாதம்வரை 50,000-இல் இணைந்தது, இப்போது 28,800" என்ற புகாராகத் திரும்பி வரும்.

வேகத்தைப் பற்றி ஒன்று: வி.90-இன் 56 கிலோபிட்டுக்கு வழியில் ஒரே ஓர் அனலாக்-டிஜிட்டல் மாற்றம்தான் இருக்கலாம். அனலாக் லைன்களால் வெளியுலகோடு இணைந்த பிபிஎக்ஸ் நடுவில் வந்தால் அந்த நிபந்தனை உடைகிறது. மோடம் வி.34 என்ற முந்தைய தரநிலைக்கு இறங்கி, அதிகபட்சம் 33,600 தரும். டயல் வரிசையை எவ்வளவு செதுக்கினாலும் இது மாறாது.

8. அடிக்கடி தேவைப்படும் சிறு வரிசைகள்

*கால் வெயிட்டிங் நிறுத்தம்.* வட அமெரிக்காவில் *70, பல்ஸ் லைனில் 1170. பிறகு டயல் டோன் திரும்ப வரும் என்பதால் கமாவைவிட டபிள்யூ நல்லது. அந்த வசதி இல்லாத லைனில் இதை விட்டுவைத்தால் எக்ஸ்சேஞ்ச் பிழை அறிவிப்பு கொடுக்கும். கமா போட்டிருந்தால், மோடம் அந்த அறிவிப்பைக் கவனிக்காமலே எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்.

*பல்ஸும் டோனும் கலந்த வரிசை.* பழைய பிபிஎக்ஸ் பல்ஸை மட்டும் ஏற்கும், வெளி லைன் டோனை ஏற்கும் என்றால், "ஏடி டிபி 9 டபிள்யூ டி [எண்]". நடுவில் வரும் "டி" (T) அங்கிருந்து டோனுக்கு மாற்றும்.

*9-க்குப் பின் 1.* வட அமெரிக்க பிபிஎக்ஸ்களில் வெளி லைனுக்கு 9, தொலைதூரத்துக்கு 1. நிரல் தானாக ஒரு 1 சேர்க்க, எண்ணிலும் ஒரு 1 இருந்தால் 911 ஆகிவிடும். ஆளில்லாத மோடம் அதை மறுபடி மறுபடி முயலும். அவசர உதவி மையத்தின் லைனை அது அடைத்துக்கொண்டிருப்பது உயிர்ப் பிரச்சினை. தானியங்கி மறுமுயற்சியை இயக்குவதற்கு முன், மோடமின் ஒலிபெருக்கியை இயக்கி (ஏடி எம்1 எல்3) முழு வரிசையையும் ஒருமுறை காதால் கேளுங்கள்.

*டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன்.* எந்த வரிசையும் பயன்படாத இடம் இது. பிபிஎக்ஸின் டிஜிட்டல் லைன் அதே உருவச் சாக்கெட்டில் வந்தாலும், அனலாக் மோடமை அதில் செருகினால் மோடம் பழுதாகலாம். ஃபேக்ஸுக்கென ஒதுக்கிய அனலாக் எக்ஸ்டென்ஷனைக் கேட்டு வாங்குங்கள்.

9. லைன் இணையவழி ஆகிவிட்டால்

செம்புக் கம்பி லைன்கள் பல இடங்களில் வாய்ப் (VoIP, இணையவழிக் குரல்) அடாப்டருக்கு மாறிவிட்டன. மோடம் மாறவில்லை, வரிசை மாறவில்லை, ஆனால் இணைப்பு போய்விட்டது என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

அடாப்டரில் நீங்கள் கேட்கும் டயல் டோன் எக்ஸ்சேஞ்சுடையது அல்ல, அடாப்டரே உண்டாக்குவது. அது இலக்கங்களைச் சேகரித்து, சில விநாடி புதிய இலக்கம் வராவிட்டால் "எண் முடிந்தது" என்று முடிவு செய்து அழைக்கும். முன்பு 9-க்குப் பின் நாலு விநாடி விட்ட வரிசை, இப்போது 9-ஐ மட்டும் அழைக்கும். முதல் எண்ணின் எல்லா இலக்கங்களும் இடைவேளை இல்லாமல் போக வேண்டும். அல்லது அடாப்டரின் டயல் திட்டத்தில் அந்த முன்னொட்டுக்கு விதி எழுத வேண்டும்.

அடுத்தது ஒலிச் சுருக்கம். ஜி.729 போன்ற சுருக்கங்களில் மனிதக் குரல் பிழைக்கும், மோடம் ஒலி பிழைக்காது. அடாப்டரை ஜி.711-க்குக் கட்டாயப்படுத்தி, ஜிட்டர் பஃபரை (முன்பின்னாக வரும் ஒலித் துண்டுகளைச் சீராக்கும் தற்காலிக நினைவகம்) நிலையான அளவில் வைத்து, மோடமின் வேகத்தை 9,600 அல்லது 14,400-க்கு இறக்கினால் பல வேளைகளில் நிலைத்து நிற்கும். குரல் அமைப்பு ரகசிய எண்ணின் இலக்கங்களை இரட்டையாகப் பதிவு செய்தால், டோன் ஒலியாகவும் தனிச் செய்தியாகவும் இரு வழிகளில் போகிறது என்று பொருள். அடாப்டரில் ஒன்றை அணைக்க வேண்டும்.

10. விண்டோஸும் லினக்ஸும்

விண்டோஸில் "டயலிங் ரூல்ஸ்" பகுதி முன்னொட்டு, கால் வெயிட்டிங், அழைப்பு அட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் தருகிறது. நேர்வழி அழைப்புக்கு அது வசதி. நாம் கட்டியது போன்ற வரிசைக்கு அந்த விதிகளை அணைத்துவிட்டு, எண் கட்டத்திலேயே கமா, டபிள்யூ சகிதம் முழு வரிசையையும் எழுதுவது தெளிவு. மோடம் பண்புகளில் "டயல் டோனுக்காகக் காத்திரு" என்ற குறியை எடுத்தால் எக்ஸ்3 தானாக அமையும். அதை வைத்துக்கொண்டே கூடுதல் கட்டளைகளில் எக்ஸ்3 எழுதி, இரண்டையும் மோதவிடாதீர்கள்.

லினக்ஸில் பிபிபி (டயல்-அப் இணைப்பை ஏற்படுத்தும் மென்பொருள்) தொகுப்போடு வரும் சாட் நிரல் துண்டு வரிசைக்கு ஏற்றது. அனுப்பும் சரத்தில் பின்சாய்கோடும் டியும் (\d) சேர்ந்தால் ஒரு விநாடி தாமதம். பதினாறு தடவை எழுதினால் 16 விநாடி. சாட்டின் சொந்தக் காத்திருப்பு வரம்பு 45 விநாடி என்பதை மறக்க வேண்டாம். எஸ்7-ஐ 90 ஆக்கிவிட்டு இதை மாற்றாமல் விட்டால், மோடம் பொறுமையாக இருக்கும்போதே சாட் முந்திக்கொண்டு கைவிட்டுவிடும். அதை 120 ஆக்குங்கள்.

11. மோடமின் பதிலை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

1. உடனே "நோ டயல்டோன்": உள் டோன் புரியவில்லை. எக்ஸ்3.
2. நெடுநேரம் கழித்து "நோ டயல்டோன்": வரிசை நடுவில் உள்ள டபிள்யூவில் நின்றிருக்கிறது. அந்த இடத்தில் கமா போட்டுப் பாருங்கள்.
3. எதிர்முனை ஓய்வாக இருக்கும்போதும் "பிஸி": ஏதோ ஒலியைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. எக்ஸ்1.
4. டயல் முடிந்து சரியாக எஸ்7 நேரத்தில் "நோ கேரியர்": ஒன்று எஸ்7 போதவில்லை, அல்லது ரகசிய எண் படியிலேயே அழைப்பு நின்றுவிட்டது. ஒலிபெருக்கியைக் கேட்டால் எது என்று தெரியும்.
5. எஸ்7-க்கு வெகு முன்னால் "நோ கேரியர்": கணினி நடுவில் ஏதோ எழுத்து அனுப்பியிருக்கலாம்.
6. "டிலேய்ட்" அல்லது "பிளாக்லிஸ்டட்": சில நாட்டு விதிகளுக்காக, தோற்ற எண்ணை உடனுக்குடன் திரும்ப அழைக்க மோடமே மறுக்கிறது. சோதனைகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

எதுவும் பிடிபடாதபோது குறை வரிசையிலா, கைகுலுக்கலிலா என்று பிரித்துவிட ஒரு வழி உண்டு. மோடமின் தொலைபேசிச் சாக்கெட்டில் போனை மாட்டி, கையால் முழு வரிசையையும் டயல் செய்யுங்கள். எதிர்முனை மோடமின் பதில் ஒலி கேட்டதும் கணினியில் "ஏடி எக்ஸ்1 டி" (ATX1D) என்று மட்டும் தட்டி ரிட்டர்ன் அழுத்துங்கள். எண் எதுவும் இல்லாததால் மோடம் லைனை எடுத்துக்கொண்டு நேராகக் கைகுலுக்கலைத் தொடங்கும். பிறகு ரிசீவரை வைத்துவிடலாம். இப்படி இணைந்தால் லைனும் எதிர்முனையும் நலம், தேட வேண்டியது இடைவேளைகளை. இப்படியும் இணையவில்லை என்றால் கமாக்களைத் தொடாதீர்கள். வேகத்தைக் குறைத்துப் பார்த்து, லைனின் இரைச்சலைக் கவனியுங்கள்.

வரிசை வேலை செய்யத் தொடங்கியதும் எக்ஸ், எஸ் மதிப்புகளை "ஏடி &டபிள்யூ" மூலம் மோடமிலேயே சேமியுங்கள். ரகசிய எண்ணை மட்டும் "&இசட்" எண் நினைவகத்தில் வைக்க வேண்டாம்; "ஏடி &வி" தட்டும் எவர் கண்ணிலும் அது பட்டுவிடக்கூடும். அளந்த நேரங்களையும் தேர்ந்தெடுத்த சாளரங்களையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே குறிப்பாக எழுதி வையுங்கள். சேவை நிறுவனம் அறிவிப்பை மாற்றி, 6 விநாடி 9 விநாடி ஆகும் நாளில், எந்தக் கமா எதற்காக நிற்கிறது என்பது அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும்.